இன்ச்சை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள்

வேங்கிக்காலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: மகளின் படிப்புக்கும் தன் கணக்கு வேலைக்கும் மலிவாக ஒரு மானிட்டர் வேண்டும், 24 இன்ச்சும் 27 இன்ச்சும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கின்றன, பெரியதையே எடுத்துவிடலாமா?

வேண்டாம். இரண்டிலும் 1920 × 1080 புள்ளிகள்தான் என்றால், 24 இன்ச்சில் சென்டிமீட்டருக்குச் சுமார் 36 புள்ளி, 27 இன்ச்சில் 32 புள்ளி. படம் பார்க்க இது போதும். பொடி எழுத்தில் மூன்று சுழி ‘ண’ குழம்பிப்போகும். கடையில் ‘திருவண்ணாமலை’ என்று சின்னதாக அடிக்கச் சொல்லிப் பாருங்கள். சுழிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். 27 இன்ச்தான் வேண்டுமென்றால் 2560 × 1440 தேடுங்கள், விலை ஏறும்.

அடுத்தது பேனல், அதாவது திரையின் வகை. ஐபிஎஸ் பக்கவாட்டிலும் நிறம் மாறாது. விஏ-யில் கறுப்பு நன்றாகக் கறுக்கும். டிஎன், கிரிவலம் போகிறவருக்கு மலை தெரிகிற மாதிரி, நிற்கிற இடத்துக்கு ஒரு தோற்றம் காட்டும். அதிலுள்ள குச்சி வடிவத் திரவப் படிக மூலக்கூறுகள் சாய்ந்து நிற்பதால், ஒளி திசைக்குத் திசை வேறாக வெளிவருகிறது.

இந்தக் கோளாறைக் குறைத்த கதைதான் எனக்குப் பிடித்தது. 1977-இல் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகரும் உடன் பணியாற்றிய சதாசிவா, சுரேஷ் இருவரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று கண்டார்கள். அதுவரை குச்சி வடிவங்களே அறியப்பட்டிருந்தன. 1990-களில் ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் அத்தகைய தட்டு மூலக்கூறுகளைப் பூசிய படலத்தைச் செய்தது. டிஎன் திரையில் அதை ஒட்டினால், குச்சிகள் கெடுத்ததைத் தட்டுகள் பெருமளவு ஈடுகட்டும். மலிவான திரையையும் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

இந்தச் சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பெற்ற சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். பிப்ரவரி 28-இல் ராமனுக்கு விழா எடுக்கிறோம், நல்லது. தினமும் முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கும் பொருளுக்கு உழைத்தவர் பெயரைப் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறோம்? இன்ச், விலை, தள்ளுபடி தவிர வேறெதையும் கேட்காத பழக்கம் கடையோடு நிற்பதில்லை.

உங்கள் மகளையும் கடைக்கு அழைத்துப் போங்கள். எதிரே உட்கார்ந்தும், எழுந்து நின்றும், ஓரமாக நகர்ந்தும் அவரே பார்க்கட்டும். பழைய சிபியுவில் விஜிஏ இணைப்பு மட்டும் இருந்தால், மானிட்டரிலும் அது உண்டா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.