கடல் இல்லாத ஊருக்கும் ஒரு கரை வேண்டும்

மைசூரு கடல் மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மண்டி மொஹல்லா என்ற பேட்டையின் கபீர் ரோட்டிலோ அக்பர் ரோட்டிலோ குடியிருப்பவர் அலையில் கால் நனைக்க ஆசைப்பட்டால், மேற்கே கண்ணூருக்கோ கோழிக்கோட்டுக்கோ மலையிறங்க வேண்டும். பந்திப்பூர் காட்டு வழியாகப் போவதென்றால் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை சாலை மூடியிருக்கும். அதையும் கணக்குப் பார்த்தே கிளம்ப வேண்டும்.

ஆனாலும் மைசூருத் தமிழர்களுக்குக் கடலோடு உள்ள உறவு அறுந்ததில்லை. வேளாங்கண்ணிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நேர்ந்துகொண்டு போய்வருவது பழைய வழக்கம். மயிலாடுதுறை வழியாகப் போகும் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் விடியற்காலையில் தஞ்சாவூர். அங்கிருந்து கடற்கரை தொலைவில் இல்லை. போய்வந்தவர்கள் மனசு லேசாயிற்று, அசந்து தூங்கினேன் என்பார்கள். வேண்டுதல் நிறைவேறிய நிம்மதிக்கு அதில் பங்கு உண்டு. கடலுக்கும் பங்கு உண்டு என்கிறது மருத்துவம்.

மருந்தாகக் கருதப்பட்ட கடல்

1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய மருத்துவர், கடல்நீர் நோய் தீர்க்கும் என்று லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பிரைட்டன் என்ற சிறிய மீனவ ஊர் பெரிய கடற்கரை நகரமாக வளர்ந்ததில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு. கடல்நீரைக் குடிக்கவும் சொன்னார் அவர். அந்தப் பகுதியை இன்றைய மருத்துவம் தள்ளிவிட்டது. ஆனால் 1791இல் இங்கிலாந்தின் மார்கேட் கடற்கரையில் தொடங்கப்பட்ட மருத்துவமனையை நினைவில் வைக்க வேண்டும். நெரிசலான லண்டனில் கழுத்து நிணநீர்க் கணுக்களில் வரும் காசநோயால் வாடிய ஏழைகளுக்கென்றே ஜான் லெட்சம் என்ற மருத்துவர் அதைத் தொடங்கினார். நல்ல காற்றும் வெளிச்சமும் பணக்காரர்களுக்கு மட்டுமே உரியவை அல்ல என்று அன்றே ஒருவர் நினைத்திருக்கிறார்.

இன்றைய ஆய்வுகளும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கின்றன. இங்கிலாந்தின் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4.8 கோடிப் பேர் தங்கள் உடல்நலம் பற்றிச் சொன்ன பதில்களை எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். கடலுக்கு அருகில் வசிப்பவர்களிடையே ‘நலமாக இருக்கிறேன்’ என்றவர்களின் விகிதம் சற்றுக் கூடுதலாக இருந்தது. வயது, வருமானம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை. வறுமை மிகுந்த பகுதிகளில்தான் அது அதிகமாகத் தெரிந்தது. கையில் காசு குறைந்தவருக்கே கரை கூடுதலாக உதவுகிறது.

உடம்பில் நடப்பது என்ன?

முதலில் நடை. உலர்ந்த மணலில் ஒவ்வோர் அடியிலும் பாதம் புதைந்து எழ வேண்டும். கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவாகிறது என்று 1998இல் அளந்து காட்டினார்கள். அரை மணி நேர மணல் நடை கெண்டைக்கால் தசைக்கும் இதயத்துக்கும் நல்ல வேலை கொடுக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் அலை நனைத்து இறுகிய ஈர மணலில் நடப்பது நல்லது.

அடுத்தது காற்று. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. அங்கே காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சென்னையின் கோடைப் பிற்பகலைத் தாங்க வைப்பது இந்தக் கடல்காற்றுதான். அலை உடையும்போது நுண்ணிய உப்புத் துளிகளும் அதில் கலக்கின்றன. நுரையீரலில் சளி கெட்டிப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களில், ஆஸ்திரேலியக் கடலில் அலைச்சறுக்கு செய்தவர்களின் நிலை மேம்பட்டிருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அடர்த்தியான உப்புநீரை ஆவியாக உள்ளிழுக்கச் செய்யும் சிகிச்சைக்கு அந்தக் கவனிப்பு ஒரு தூண்டுதல். 2006இல் அதன் பலன் ஆய்வுகளில் உறுதியானது. அதற்காகக் கடற்கரையில் உட்கார்ந்தால் ஆஸ்துமா போய்விடும் என்று யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

மூன்றாவது மனம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதியின் விளக்கம் இது: கணக்குப் பார்ப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் நாம் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகும். இயற்கையோ வற்புறுத்தாமல் கவனத்தை ஈர்த்துக்கொள்கிறது. களைத்த பகுதி அதற்குள் ஓய்வெடுத்துவிடுகிறது. ஓயாமல் மாறினாலும் மிரட்டாத அலை, அதற்கு மிகப் பொருத்தமான காட்சி.

கரை எல்லோருக்கும்

பலன் இருந்தால் மட்டும் போதாது, போய்ச் சேர வழி வேண்டும். சென்னை மெரினாவில் 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை அமைத்தார். சக்கர நாற்காலியில் வருபவர்கள் மணலைக் கடந்து அலையருகே போக மரப்பாதை வந்தது 2022 நவம்பரில்தான். மறு மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; பழுது பார்த்தார்கள். அந்தப் பாதையில் போய், தண்ணீர் பட்ட கால்களோடு சிரித்த முகங்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு, அது வீண் செலவு என்று சொல்ல மனம் வராது.

கடலுக்கு மரியாதையும் வேண்டும். மெரினாவின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோயிருக்கிறது. கால் நனைப்பதோடு நிற்பதே அறிவு. 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களிடம் கடல் ஆறுதல் தரும் என்று உபதேசிக்கவும் கூடாது.

மண்டி மொஹல்லாவின் கரை

மூட்டை இறக்குவதும் பேரம் பேசுவதும் ஹார்ன் சத்தமுமாக நாள் தொடங்கும் பேட்டை இது. கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போவது ஆண்டுக்கு ஒருமுறை நடந்தால் பெரிது. ஆனால் நீர்க்கரை என்றால் கடல் மட்டுமே என்று யார் சொன்னது? 18 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வு, கடலோடு ஆறு, ஏரிகளையும் சேர்த்தே கேட்டது. சிறுவயதில் நீர்க்கரைகளில் விளையாடிய நினைவு உள்ளவர்கள், வளர்ந்த பிறகும் இயற்கையை நாடிப் போகிறார்கள். அவர்கள் மனநலமும் மேம்பட்டிருக்கிறது. 2019இல் ஏறத்தாழ 20,000 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடம் இயற்கை வெளியில் கழிப்பவர்களிடம் நலம் கூடுதலாகத் தெரிந்தது. அதை ஒரே நாளில் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் பலன் ஒன்றுதான்.

மண்டி மொஹல்லாவிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது குக்கரஹள்ளி ஏரி. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல், பாசனத்துக்காக உருவானது. சுமார் 5 கிலோமீட்டர் கரையில் நடைபாதை உண்டு. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் நீர்க்காகமும் வந்து தங்கும். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் இந்தக் கரைக்கு வந்து உலவியவர். சாமுண்டி மலையடியில் காரஞ்சி ஏரியும் உண்டு. கட்டணம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை விடுமுறை. வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடந்தால் 120 நிமிடம் கணக்கு முடிந்துவிடும்.

இங்கேதான் ஊராரின் பொறுப்பு வருகிறது. சாக்கடை கலந்ததாலும் நீர்வரத்து வழிகள் அடைபட்டதாலும் குக்கரஹள்ளி ஏரி ஒரு காலத்தில் சாகும் நிலைக்கே போனது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டிய கரையில் எந்த மனமும் ஆறாது. ஏரிக்கு வரும் கால்வாயைத் தூர் வாருவதையும், கழிவுநீரைத் தடுப்பதையும், வயதானவர்கள் உட்கார நிழலில் பெஞ்சு போடுவதையும் ஊரை அழகுபடுத்தும் வேலை என்று ஒதுக்கிவைக்க வேண்டாம். மாநகராட்சியும் ஏரிக்குப் பொறுப்பான மைசூர் பல்கலைக்கழகமும் அதை மக்கள் மருத்துவச் செலவாகவே கணக்கில் எழுதட்டும். கடலுக்குப் போக வழியில்லாதவர்களுக்கு ஊர் செய்து தரக்கூடிய வைத்தியம் இது; கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.