லீலிபுஷ்பமும் பட்டயமும்



"ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற காணிக்கை என் பாவத்துக்குப் பரிகாரமாகுமா?" "அன்புள்ள தேவன் ஒருவரை நரகத்துக்கு அனுப்புவாரா?" இவ்விரண்டு கேள்விகளும் நம் சபைகளில் அடிக்கடி எழுகின்றன. இரண்டையும் சேர்த்துச் சிந்திக்க ஒரு பழைய கிறிஸ்தவ ஆஸ்பத்திரியின் வரலாறு நமக்கு உதவும்.

பிரான்சு தேசத்தின் பர்கண்டிப் பகுதியில் போன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1443-ஆம் ஆண்டு, பர்கண்டிப் பிரபுவின் தலைமை மந்திரியான நிக்கோலா ரோலன் என்ற செல்வந்தர் ஏழைகளுக்கென ஓர் ஆஸ்பத்திரியை ஸ்தாபித்தார். யுத்தத்தினாலும் பஞ்சத்தினாலும் ஜனங்கள் நொந்துபோயிருந்த காலம் அது. 1452-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அதன் கதவுகள் நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டன. 1971 வரை அங்கே வைத்தியம் நடந்துவந்தது. இப்போது அந்தக் கட்டடம் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ரோலன் தம் நோக்கத்தை மறைக்கவில்லை. அழிந்துபோகும் உலகப் பொருளைக் கொடுத்துப் பரலோகச் செல்வத்தைப் பெற்றுக்கொள்ளும் நல்ல பண்டமாற்று என்றே தம் தர்மத்தை ஸ்தாபனப் பத்திரத்தில் குறிப்பிட்டார்.

ஏழைகளின் வார்டு ஒரு நீண்ட மண்டபம். அதன் கோடியில் சிற்றாலயம். அங்கே பீடத்தின்மேல் வைப்பதற்காக ரோஜியர் வான் டெர் வைடன் என்னும் ஓவியர் கடைசி நியாயத்தீர்ப்பைப் பல பலகைகளில் தீட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பண்டிகை நாட்களிலும் அதன் கதவுப் பலகைகள் திறக்கப்படும்.

வானவில்லின்மேல் கிறிஸ்து வீற்றிருக்கிறார். அவருடைய முகத்தின் ஒரு பக்கம் இரக்கத்துக்கு அடையாளமான லீலிபுஷ்பம். மறுபக்கம் நீதிக்கு அடையாளமான பட்டயம். இரண்டும் ஒரே நியாயாதிபதிக்கு உரியவை. பாவத்தைக் கண்டும் காணாததுபோல் விடுகிறவர் நீதிபரர் ஆகமாட்டார். ஒடுக்கப்பட்டவனுடைய கண்ணீருக்கு அவரிடம் பதில் இராது. ஆனால் இந்த நியாயாதிபதியின் கைகளிலும் கால்களிலும் ஆணித் தழும்புகள் தெரிகின்றன. தீர்ப்புச் சொல்லப்போகிறவரே நமக்குரிய தீர்ப்பைச் சிலுவையில் சுமந்தவர். நீதியும் இரக்கமும் அங்கேதான் சந்தித்தன.

அந்தப் படத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. அக்காலத்து நியாயத்தீர்ப்புப் படங்களில், ஆக்கினைக்குட்பட்டவர்களைப் பிசாசுகள் இழுத்துச் செல்வதுபோல் காட்டுவது வழக்கம். இதிலோ பிசாசு ஒன்றுகூட இல்லை. அவர்கள் தாங்களாகவே அக்கினியை நோக்கிப் போய் விழுகிறார்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தை ஊன்றி வாசித்தால் இதன் பொருள் விளங்கும். பிதா ராஜ்யத்தை ஆயத்தம்பண்ணியது மனுஷருக்காக. நித்திய அக்கினியோ பிசாசுக்கும் அவன் தூதருக்கும் ஆயத்தமாக்கப்பட்டது என்று ஆண்டவர் சொன்னார். நரகத்தை மனுஷனுக்கென்று தேவன் ஆயத்தம்பண்ணவில்லை. தேவனுடைய இரக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போகிறவன் போய்ச் சேரும் இடம் அது. அதை இல்லையென்று சொல்ல வேதம் இடங்கொடுக்கவில்லை.

அப்படியானால் ரோலனின் பண்டமாற்று செல்லுமா? அதே அதிகாரம் பதில் சொல்கிறது. வலதுபக்கத்தில் நின்றவர்கள் ஆண்டவரைப் பார்த்து, தாங்கள் எப்போது அவரை வியாதிப்பட்டவராகக் கண்டு விசாரித்தோம் என்று ஆச்சரியத்தோடு கேட்கிறார்கள். கணக்கு எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆச்சரியம் வந்திருக்காது. அவர்கள் எதையும் வாங்குவதற்காகக் கொடுக்கவில்லை. இரக்கம் பெற்றவர்களாய் இரக்கம் செய்தார்கள். 1517-இல் மார்ட்டின் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து 95 கருத்துரைகளை எழுதியபோது, அச்சீட்டை வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேலானது என்றும் சேர்த்தே எழுதினார். கிருபையினால் இரட்சிப்பு என்கிற உபதேசம் நம் கையை மூடுவதற்காக அல்ல, திறப்பதற்காகவே கொடுக்கப்பட்டது. எபேசியர் 2-ஆம் அதிகாரமும் இரட்சிப்பு கிருபையினால் என்று சொல்லிவிட்டு, உடனே நற்கிரியைகளைப் பற்றிப் பேசுகிறது.

இடதுபக்கத்தில் நின்றவர்களையும் கவனியுங்கள். கொலை, களவு என்று எந்தக் குற்றமும் அவர்கள்மேல் அங்கே சாட்டப்படவில்லை. செய்யாமல் விட்டதே அவர்கள்மேல் வந்த குற்றச்சாட்டு. லூக்கா 16-இல் வரும் ஐசுவரியவானும் லாசருவை அடித்து விரட்டவில்லை. வாசலில் பருக்கள் நிறைந்தவனாய்க் கிடந்தவனை அப்படியே கிடக்க விட்டான்.

போன் ஊரில் அந்தப் படம் நோயாளிகளின் வார்டை நோக்கி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் மத்தேயு 25-இல் வியாதியஸ்தரிடம் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. அவரை விசாரிக்க வந்தவரிடமும் வராதவரிடமுமே கணக்குக் கேட்கப்படுகிறது. ஆகையால் படுக்கையில் கிடப்பவரிடம் "இது உன் பாவத்தின் சம்பளம்" என்று சொல்லிப் பயமுறுத்த நமக்கு உரிமையில்லை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர் அப்படி நினைத்தபோது ஆண்டவர் அதை மறுத்தார் என்று யோவான் 9-இல் வாசிக்கிறோம். நோயாளிக்கு நாம் காட்ட வேண்டியது தழும்புள்ள அந்தக் கரங்களையே. சுகமாயிருக்கிற நாமோ நியாயத்தீர்ப்பை நம் கண்முன் வைத்துக்கொள்வோம்.

அன்பானவர்களே, உங்கள் காணிக்கை உங்கள் பாவத்தை நீக்காது. அதைக் கிறிஸ்துவின் இரத்தம் நீக்கிவிட்டது. அந்த நன்றியிலிருந்து நீங்கள் கொடுக்கும் சிறு தொகையும் ஓர் ஏழை நோயாளிக்கு மருந்தாகிறது. கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். கொடுத்ததை மறந்துவிடுங்கள். அந்த நாளில் ஆண்டவர் நினைவுபடுத்தும்போது நீங்களும் ஆச்சரியப்படுவீர்கள்.

தேவனுக்கே மகிமை உண்டாவதாக.