நிகாண்ட்லா: அடைக்கலம் தந்த மலையூர்

தென்னாப்பிரிக்காவின் நிகாண்ட்லா என்ற பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது 2014-இல். அன்றைய அதிபர் ஜேக்கப் சூமாவின் சொந்த ஊர் அது. அவரது வீட்டுப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசுப் பணம் கோடிக்கணக்கில் செலவிடப்பட்டதை, அரசின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் பதவியில் இருந்த துலி மடொன்செலாவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. 2016-இல் அதில் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்துமாறு சூமாவுக்கு அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவிட்டது. அன்றுமுதல் நிகாண்ட்லா என்றாலே ஊழல் என்று ஆகிவிட்டது. நூறாண்டுக்கு முன்பே துன்பத்தில் வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்த ஊருக்கு இது பெரிய அநீதி.

குவாசூலு-நடால் மாகாணத்தில், துகேலா ஆற்றுக்கு வடக்கே, செங்குத்தான மலைகளுக்கு நடுவே இருக்கிறது நிகாண்ட்லா. நீதிமன்றம், மருத்துவமனை, கடைத்தெரு, வேன்கள் வந்து நிற்கும் இடம். நகரம் என்பது அவ்வளவுதான். பெரும்பாலான மக்கள் வாழ்வது சுற்றியுள்ள மலைச்சரிவுகளில். இங்கு வாழும் சூலு மக்களின் மரபில் வீடுகள் தெருவாக நெருங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனிக் குடியிருப்பு. அதன் நடுவில் மாட்டுப்பட்டி. மாடு அங்கே செல்வம் மட்டுமல்ல: மணப்பெண்ணுக்கான பரிசமும் மாடுதான், முன்னோர் வழிபாட்டிலும் அந்தப் பட்டிக்கு முக்கிய இடம் உண்டு.

ஊரையொட்டிய பனிமூட்டக் காடுதான் அதன் வரலாற்றைத் தீர்மானித்தது. 1879-இல் ஆங்கிலேயப் படையை இசாண்டில்வானாவில் தோற்கடித்த சூலு நாட்டின் மன்னர் செட்ஷ்வாயோ, 1883-இல் உள்நாட்டுப் போரில் தோற்றபோது இந்தக் காட்டில்தான் ஒளிந்தார். அவரைக் காத்தவர் இப்பகுதித் தலைவர் சிகனந்தா. 1884-இல் இறந்த மன்னரின் உடலும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது.

1906-இல் அடுத்த சோதனை வந்தது. வயதுவந்த ஆண்களுக்குத் தலைக்கு ஒரு பவுண்டு வரி விதித்தது, அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த நடாலின் அரசு. வரியின் நோக்கம் வருவாய் மட்டுமல்ல. பணத்துக்காக ஆண்கள் வெள்ளையரின் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. எதிர்த்து எழுந்த சூலு தலைவர் பம்பாட்டா, துகேலாவைக் கடந்து நிகாண்ட்லா காட்டுக்கு வந்தார். முதுமையின் தள்ளாமையிலும் சிகனந்தா அவர் பக்கம் நின்றார். ஜூன் 10 விடியற்காலையில் மோமே பள்ளத்தாக்கில் அரசுப் படையின் பீரங்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் முழங்கின. நூற்றுக்கணக்கான சூலு வீரர்கள் மடிந்தார்கள். சிறைப்பட்ட சிகனந்தா காவலிலேயே இறந்தார்.

அந்தக் கிளர்ச்சியின்போது அங்கே நம்மவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேயர் தரப்பில் காயமுற்றோரைச் சுமக்கும் சிறு குழுவை நடத்தினார் காந்தி. அதில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சவுக்கடி பட்டுப் புண் அழுகிக் கிடந்த சூலுக்களுக்கு மருந்திட வெள்ளையர் முன்வராதபோது இவர்கள்தான் மருந்திட்டார்கள். இது போரல்ல, மனித வேட்டை என்ற முடிவுக்கே காந்தி வந்தார்.

வரி அன்று ஏற்படுத்திய கூலிப் பயணம் இன்னும் நிற்கவில்லை. உழைக்கும் வயதினர் டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் போகிறார்கள். பாட்டிகள் பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார்கள். அரசு தரும் முதியோர் உதவித்தொகையில் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. 1942-இல் இங்கே பிறந்த சூமாவும் தகப்பனை இழந்து, மாடு மேய்த்து, முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் வளர்ந்தவர்தான். வீட்டுவேலை செய்தே அவரை ஆளாக்கினார் தாய்.

ஒரு வீட்டு வளாகத்துக்குக் கோடிகளைக் கொட்டிய அரசு, அதைச் சுற்றியிருந்த மலைகளுக்குக் குடிநீரையும் வேலைவாய்ப்பையும் அதே வேகத்தில் கொண்டுவரவில்லை. ஊழலில் முதலில் ஏமாற்றப்பட்டவர்கள் நிகாண்ட்லா மக்களே. அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது சூமாவின் வீட்டை மட்டுமல்ல, சிகனந்தாவையும் நினைப்பதே நியாயம்.