காரை ஸ்டார்ட் செய்யப் பயந்த ஊர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

‘டியூன்-அப்’ என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, கேப் பார்த்து, கார்புரேட்டரைச் சரி பண்ணுவது. ஆட்டோமொபைல் பிராஞ்ச் நண்பர்கள் இன்னும் நாலு ஐட்டம் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போய் ‘யங்ஸ்டவுன் டியூன்-அப்’ என்று சொன்னால் பழைய ஆட்களுக்கு முகம் மாறிவிடும். காருக்குள் குண்டு வைப்பதற்கு அந்த ஊர் வைத்த செல்லப் பெயர் அது!

1962 நவம்பர் 23. சார்லஸ் கவல்லாரோ என்ற ரவுடித் தலைவர் தன் பிள்ளைகளோடு காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். கார் வெடித்தது. அவரும் 11 வயது மகனும் இறந்தார்கள். இன்னொரு மகன் காயத்தோடு தப்பினான். அடுத்த ஆண்டு, 1963 மார்ச்சில், ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகை ‘கிரைம் டவுன்’ என்ற பட்டத்தை அந்த ஊருக்குச் சூட்டியது. பத்து வருஷத்தில் 75 குண்டு வெடிப்பு, 11 கொலை என்று அது கணக்குக் கொடுத்தது.

இங்கேதான் ஒரு கேள்வி. ஆலை மூடி, வேலை போய், வயிறு காய்ந்தால் ஊரில் ரவுடித்தனம் வளரும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் 1962-ல் யங்ஸ்டவுனில் உருக்காலைகள் எல்லாம் புகை கக்கிக்கொண்டுதான் இருந்தன. நல்ல சம்பளம், சொந்த வீடு, வாசலில் கார். அப்புறம் எப்படி?

விஷயம் என்னவென்றால், அந்தக் கும்பல் வறுமையில் வளரவில்லை, சம்பளக் கவரில் வளர்ந்தது. ஆலைத் தொழிலாளர்களிடம் ‘பக்’ என்று ஒரு சூதாட்டம். நம்ம ஊர் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், மூணு நம்பர் லாட்டரிதான். 000 முதல் 999 வரை ஒரு நம்பரில் சில்லறைக் காசு கட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு டாலர் வீதம் ஆளுக்கொரு நம்பரில் கட்டினால் வசூல் ஆயிரம். ஜெயித்தவனுக்கு ஐந்நூறோ அறுநூறோ கொடுத்தாலே அவன் குதிப்பான். மிச்சம் நானூறு, ஐந்நூறு. அதில் வசூல்காரனுக்குக் கமிஷன், போலீசுக்கு மாமூல், மீதி முதலாளிக்கு. தினம் தினம் இது நடந்தால்? மில்லுக்குள்ளே, மதுக்கடையில், முடிதிருத்தும் கடையில் எல்லாம் வசூல் நடந்தது. தொழிலாளிக்கு இது குற்றமாகவே தெரியவில்லை, ஒரு பொழுதுபோக்கு. ஆனால் அந்தச் சில்லறைதான் குண்டும் வாங்கியது, நீதிபதியையும் வாங்கியது.

ஊரின் இடமும் வசதியாகப் போச்சு. ஒரு பக்கம் கிளீவ்லாந்து, இன்னொரு பக்கம் பிட்ஸ்பர்க், இரண்டும் ஏறத்தாழ 100 கி.மீ. தூரம். இரண்டு நகரத்து மாஃபியா குடும்பங்களும் நடுவில் இருந்த இந்த ஊர் எனக்குத்தான் என்று மோதின. கார்கள் வெடித்ததில் பாதிக் கதை இதுதான்.

சட்டத்தை மக்கள் ஏன் நம்பவில்லை? அதற்கும் பழைய காரணம் உண்டு. 1916 ஜனவரியில் பக்கத்து ஈஸ்ட் யங்ஸ்டவுனில் உருக்காலை வேலைநிறுத்தம். கம்பெனிக் காவலர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார்கள், உயிர்கள் போயின. ஆத்திரத்தில் கூட்டம் கடைவீதியையே கொளுத்தியது. பிற்பாடு அந்த ஊருக்கே கம்பெனித் தலைவர் காம்ப்பெல்லின் பெயரை வைத்தார்கள்! சுட்டவன் பெரிய மனுஷன், சீட்டு எழுதுகிறவன் குற்றவாளி என்றால் தொழிலாளி யாரை நம்புவான்?

சரி, ஆலைக்கு வருவோம். நம்ம சப்ஜெக்ட் ஆச்சே. ஓப்பன் ஹார்த் உலையில் ஒரு ஹீட் எடுக்க எட்டு மணி நேரத்துக்கு மேலே ஆகும். எல்.டி. கன்வர்ட்டரில் முக்கால் மணி நேரம். நம் ரூர்கேலாவில் 1959-லேயே எல்.டி. வந்துவிட்டது. ஆனால் யங்ஸ்டவுன் ஷீட் அண்டு டியூப் கம்பெனியின் காம்ப்பெல் ஆலையில் 1977-லும் ஓப்பன் ஹார்த்தான் ஓடியது. பக்கத்தில் ஓடும் மஹோனிங் ஆறும் சின்ன ஆறு, கப்பல் வராது. தாது ஏரித் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வரணும். 1969-ல் லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி இந்த ஆலையை வாங்கியது. வந்த வருமானத்தை ஆலையைப் புதுப்பிக்கப் போடவில்லை என்பது ஊர்க்காரர்களின் தீராத குற்றச்சாட்டு.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. காம்ப்பெல் ஆலையின் பெரும்பகுதியை மூடுகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போச்சு. அந்த நாளுக்கு ‘கறுப்புத் திங்கள்’ என்று பெயர். பாதிரியார்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஆலையை நாங்களே வாங்கி நடத்துகிறோம் என்று கிளம்பினார்கள். 1979-ல் மத்திய அரசு கடனுக்கு ஜாமீன் நிற்க மறுத்தது. அதோடு அந்த முயற்சி படுத்துவிட்டது. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. 1982 ஏப்ரலில் நாலு பிளாஸ்ட் பர்னஸ்களை வெடி வைத்துச் சாய்த்தார்கள். இதற்கு மட்டும் யாரும் ‘டியூன்-அப்’ என்று பெயர் வைக்கவில்லை.

சம்பளக் கவர் நின்றால் கும்பலும் படுத்துவிடணும் இல்லையா? படுக்கவில்லை. ஏன்னா, அதற்குள் அவர்கள் கையில் ‘பக்’ மட்டும் இல்லை, ஷெரீஃப் ஆபீஸும் கோர்ட்டும் இருந்தன.

ஜேம்ஸ் டிராஃபிகன்ட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-ல் ஷெரீஃப் தேர்தலில் ஜெயித்தவர். அந்தத் தேர்தலுக்காக இரண்டு மாஃபியா கோஷ்டிகளிடமும் பணம் வாங்கினார் என்று வழக்கு. அவர் பேசியதே டேப்பில் பதிவாகியிருந்தது. இடையில் இன்னொன்று நடந்தது. வேலை போனவர்களின் வீட்டைக் கடனுக்காக ஜப்தி செய்யச் சொன்ன கோர்ட் உத்தரவை நிறைவேற்ற மறுத்தார். அதற்காக மூன்று நாள் ஜெயிலுக்கும் போனார். போதாதா? 1983-ல் வக்கீல் இல்லாமல், வக்கீலுக்குப் படிக்காமல், தானே வாதாடினார். ‘கும்பலைப் பிடிக்கத்தான் பணம் வாங்குவது போல நடித்தேன்’ என்றார். ஜூரி விடுதலை செய்தது! 1984-ல் அதே மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனி கைவிட்டது, அரசாங்கம் கைவிட்டது, வீட்டு வாசலில் வந்து நின்றவன் இவன் ஒருவன்தான். அவன் கையில் கறை இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார்கள். அந்த நினைப்பில்தான் கும்பல் இன்னும் இருபது வருஷம் பிழைத்தது.

அது கவிழ்ந்த விதம்தான் வேடிக்கை. 1996 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. ஊழலை ஒழிப்பேன் என்று சொல்லி அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பால் கெயின்ஸ் இன்னும் பதவியே ஏற்கவில்லை. வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். கதையை முடிக்க மறுபடி சுடப் போனபோது துப்பாக்கி மக்கர் பண்ணிவிட்டது. கெயின்ஸ் பிழைத்தார். விசாரணை மாஃபியா தலைவர் லென்னி ஸ்ட்ரோலோவிடம் போய் நின்றது. 1999-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு வாயைத் திறந்தார். எழுபதுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். அதில் ரவுடிகள் மட்டுமா? நீதிபதிகள், முந்தைய அரசு வழக்கறிஞர், ஒரு ஷெரீஃப்...

1930-ல் 1,70,002 பேர் வாழ்ந்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் 60,068.

டிராஃபிகன்ட்? 2002 ஏப்ரலில் லஞ்சம் உள்ளிட்ட 10 குற்றங்கள் நிரூபணமாகி, ஜூலையில் நாடாளுமன்றத்திலிருந்து நீக்கப்பட்டு, 8 ஆண்டுத் தண்டனையோடு சிறைக்குப் போனார். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே சுயேச்சையாக நின்றார். நூற்றுக்குப் பதினைந்து பேர் அப்போதும் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள்.