அட்டவணை ஒப்புவித்தால் போதுமா?

ஆண்டு 1 மாணவரிடம் எழுத்து அட்டவணையைக் காட்டினால், ‘க, கா, கி, கீ’ என்று மளமளவெனச் சொல்லிடுவார். உடனே ‘அடைந்துவிட்டார்’ என்று குறிச்சிடாதீங்க. ‘கே’யை மட்டும் தனியே காட்டிப் பாருங்க. சில பிள்ளைகள் ‘க’விலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கிட்டு வருவாங்க. அது மனனம், வாசிப்பு இல்லை. படிவம் 1 வந்த பிறகும் இதில் தடுமாறுபவர்களை என் வகுப்பில் பார்க்கிறேன்.

எகர, ஒகர வரிசைகளில்தான் சிக்கல் அதிகம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது; அதன் ஒலியோ மெய்யொலிக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’வில் குறி இரு பக்கமும் நிற்கும்.

எனவே மதிப்பீட்டில் பொருளில்லாத சொற்களையும் கலந்து கொடுங்க: ‘மேபு’, ‘தொமி’, ‘பெலூ’. ‘வீடு’, ‘பாட்டி’ போன்ற சொற்களை முதல் எழுத்தை வைத்தே ஊகிச்சிடலாம். இவற்றை ஊகிக்க முடியாது. ‘மேபு’வில் உள்ள ‘பு’வைப் ‘புலி’யில் வருவதுபோல் ஒலித்தாலும் ‘அன்பு’வில் வருவதுபோல் ஒலித்தாலும் ஏத்துக்குங்க. எழுத்து ஒன்றுதானே!

சரி, தவறு என்று மட்டும் போடாமல், மாணவர் சொன்னதை அப்படியே எழுதி வைங்க. ‘பெலூ’வைப் ‘பேலூ’ என்றால் குறில் நெடில் பயிற்சி வேண்டும். ‘தொமி’யைத் ‘தெமி’ என்றால், பின்னால் இருக்கும் காலைப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் ஒரே பயிற்சித்தாள் உதவாது.