வாசலில் நிற்கும் அழகு: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன்...

வாகனம் வாங்குவது ஆண்களின் விடயம் என்று நம்மில் பல சகோதரிகள் ஒதுங்கிவிடுகிறோம். "என்ன நிறம்?" என்று கேட்பதோடு நமது பங்கு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த வாகனத்துக்காக மாதாமாதம் கரையும் பணம், பிள்ளைகளின் படிப்புக்கும் வாப்பாவின் மருந்துக்கும் உலைக்கும் வைத்த பணம்தான். அப்படியிருக்க, வாங்குமுன் நான்கு கேள்விகள் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

வெளிநாட்டில் சில வருடங்கள் உழைத்துவிட்டு வரும் இளைஞர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஒரு மோகம். புதியதை வாங்க முடியாது. பழையது கைக்கெட்டும் விலையில் இருப்பதுபோல் தெரியும். நமது நாட்டில் 2020 இல் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களுக்கும் விலை ஏறியது. வயதான காரையும் முழுப் பெறுமதி கொடுத்து வாங்கும் நிலை உருவானது.

உதாரணத்துக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மஸ்டா ஆர்.எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை விற்பனைக்கு வந்தது. நான்கு கதவு, நான்கு இருக்கை. "பிள்ளைகளும் ஏறலாம் உம்மா" என்று மகன் சொல்வதற்கு வசதியான கார். பார்வைக்கு அழகு, ஓட்டத்தில் சுகம். சிக்கல் முன்மூடிக்குக் கீழே இருக்கிறது.

வேறு விதமான எஞ்சின்

சாதாரணக் காரில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இதில் பிஸ்டனே இல்லை. முக்கோண வடிவிலான இரண்டு சுழலிகள், இடை சிறுத்த முட்டை போன்ற கூட்டுக்குள் சுற்றுகின்றன. ஜெர்மனியரான ஃபீலிக்ஸ் வாங்கெலின் சிந்தனையில் பிறந்த இந்த எஞ்சினை மஸ்டா 1967 இல் கொஸ்மோ ஸ்போர்ட் காரில் பொருத்தியது. ஆர்.எக்ஸ்-8 இன் எஞ்சின் 1308 சீ.சீ. மட்டுமே. 2003 இல் ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருதையும் பெற்றது.

ஒவ்வொரு சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய அடைப்புகள் உண்டு. 'ஏபெக்ஸ் சீல்' என்பார்கள். பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வளையம் தேய்ந்தால் ஆவி வெளியேறும், இறைச்சி வேகாது. இங்கும் அதே கதைதான். சீல் தேய்ந்தால் அழுத்தம் குறையும், எஞ்சின் வலுவிழக்கும்.

வழமையான நோய்கள்

முதலாவது, இந்த அழுத்தக் குறைவு. காலையில் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகும். கடைக்குப் போய் நிறுத்திவிட்டு, சூடு ஆறுமுன் மீண்டும் திருப்பினால் இழுத்துக்கொண்டே இருக்கும். இதுதான் பெரிய எச்சரிக்கை. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான கார்களின் எஞ்சினுக்கு மஸ்டா தனது உத்தரவாதத்தை 8 வருடம் அல்லது 100,000 மைல் வரை நீடித்தது. உற்பத்தி செய்தவர்களே பொறுப்பேற்ற குறை இது. அந்த உத்தரவாதக் காலமும் முடிந்துவிட்டது.

இரண்டாவது, பற்றவைக்கும் சுருள்கள். நான்கு கொயில், நான்கு பிளக். கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைச் சூடாக்கி அடைத்துவிடும். அந்த வெப்பம் எஞ்சினையும் தாக்கும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலை வரும்.

மூன்றாவது, ஒயில். சீல்கள் வழுக்கிச் செல்ல இந்த எஞ்சின் சிறிது ஒயிலைத் தானே எரிக்கிறது. ஒழுக்கு இல்லாமலே அளவு குறையும். இது பழுதல்ல, இயல்பு. ஆனால் சர்விஸுக்குப் போகும்போது மட்டும் பார்க்கலாம் என்று விட்டால் எஞ்சின் போய்விடும். இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவையாவது ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, வீட்டிலுள்ள நாம் அறிய வேண்டியது. வாசலைக் கழுவுவதற்காகக் குளிர்ந்த காரை ஸ்டார்ட் செய்து, பத்தடி நகர்த்தி உடனே நிறுத்தினால் பிளக்குகள் பெற்றோலில் நனைந்துவிடும். பிறகு ஸ்டார்ட் ஆகாது. நகர்த்தினால் எஞ்சின் சூடேறும்வரை ஓடவிட்டே நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது, வெப்பம். நமது காலநிலையில், காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும்போது, பழைய ரேடியேட்டரும் விசிறியும் களைத்துப்போகும். ஒருமுறை கடுமையாகக் கொதித்தாலே உள்ளே உள்ள அடைப்புகள் பழுதாகலாம்.

மாதக் கணக்கு

நகர ஓட்டத்தில் இந்தக் கார் லீட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் ஓடினால் பெரிது. மாதம் 1000 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 150 லீட்டர் வேண்டும். லீட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பக் காருக்கு சுமார் 70 லீட்டர் போதும். மேலதிகம் 80 லீட்டர். அதுவும் ஒக்டேன் 95 தான் உகந்தது. இந்த 80 ஐ இன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். வீட்டுச் சாமான் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை ஆகியன எல்லாக் காருக்கும் உண்டு. ஆனால் இதற்கு அகலமான 18 அங்குல டயர்கள் வேண்டும். பஞ்சிகாவத்தையில் கொரோலாவுக்குக் கிடைப்பதுபோல் இதற்குச் சாமான் கிடைப்பதில்லை. பலவற்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் காத்திருக்க நேரும். இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கும் அரிது. எஞ்சினைப் புதுப்பிக்கும் செலவு, காருக்குக் கொடுத்த விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும். கார் வட்டிக் கடனில் வந்ததென்றால் பாவமும் பாரமும் சேர்ந்தே வாசலுக்கு வருகின்றன.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. அழுத்தப் பரிசோதனை செய்தீர்களா? சுழலி எஞ்சினுக்குரிய மானியால், இரண்டு சுழலிகளின் ஆறு அறைகளுக்கும் தனித்தனியே அளவு எடுத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

2. அரைமணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து காட்டுவீர்களா? நாம் போகுமுன்பே கார் சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்.

3. கொயில், பிளக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பற்றுச்சீட்டு உண்டா?

4. எஞ்சின் ஏற்கனவே திறக்கப்பட்டதா? யார் செய்தார்கள்?

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், உள்ளே ஈரம் இருக்கக்கண்டு, அதை மக்கள் காணும்படி மேலே வைக்காததற்காக வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். கொதித்த எஞ்சினுக்கு மேல் பொலிஷ் பூசி விற்பதும் அந்த ஈரத்தை மறைப்பதுதான். தெரிந்த குறையைச் சொல்லி விற்ற பணத்திலேயே பறகத் இருக்கும்.

அழகிய வாகனத்தை விரும்புவது குற்றமில்லை. ஆனால் காரின் விலையைக் கொடுத்த பின்னும், எஞ்சினைப் புதுப்பிக்கும் தொகை கடனின்றிக் கையில் மிஞ்சுமா என்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கணக்குப் பாருங்கள். மிஞ்சும் என்றால் யோசிக்கலாம். மிஞ்சாது என்றால், வீட்டின் கணக்கை அறிந்த உம்மாவோ மனைவியோ அதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். காசு கைமாறிய பிறகு சொல்லும் சொல்லால் சண்டைதான் மிஞ்சும். வல்ல அல்லாஹ் நமது உழைப்பை வீண்விரயத்திலிருந்து காப்பானாக!