கூரையில் பதித்த ஒளி

ஒரு வீட்டில் விளக்குகள் இருப்பது வேறு. வெளிச்சம் இருப்பது வேறு. கூரையெங்கும் பத்துப் பன்னிரண்டு விளக்குகளைப் பதித்த கூடத்திலும், படிக்க உட்காரும் மாணவனின் புத்தகத்தின்மீது அவன் தலையின் நிழலே விழுந்து கிடப்பதுண்டு. பணம் செலவாயிற்று, மின்சாரமும் செலவாகின்றது, ஒளியோ வேண்டிய இடத்தில் இல்லை. இது விளக்கின் குறையன்று, திட்டமிடாமையின் குறை. ஆகவே, புது வீடுகளில் பெரிதும் விரும்பப்படும் எல்.இ.டி. பதிவிளக்குகளை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எங்கே அமைப்பது, எத்தகைய எச்சரிக்கையோடு பொருத்துவது என்பவற்றைக் காண்போம்.

முதலில் இவ்விளக்கின் இயல்பை அறிதல் வேண்டும். பழைய குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்ந்தது. செலுத்திய ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாயிற்று. எல்.இ.டி. என்பது ஒளி உமிழ் டையோடு. குறைகடத்திப் பொருளின் இரு பகுதிகள் சந்திக்கும் இடத்தில் எலெக்ட்ரான்கள் துளைகளோடு சேரும்போது, ஆற்றல் நேரே ஒளியாக வெளிப்படுகின்றது. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் டையோடை 1962-இல் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். நல்ல நீல ஒளி கிடைப்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. அதனைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. நீலத்திற்கு ஏன் இத்துணைச் சிறப்பு? நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பரப் பூச்சை டையோடின்மேல் இட்டால், நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன. நம் வீட்டு வெண்விளக்கு அவ்வாறு பிறந்ததே.

இனிக் கணக்கிற்கு வருவோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்திறனின் அளவு. அது தரும் ஒளியின் அளவு லூமன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அதனை ஒரு லக்ஸ் என்பர். உட்கார்ந்து பேசும் கூடத்திற்கு 150 லக்ஸ் போதும். படிக்கும் மேசைக்கு 300 லக்ஸாவது வேண்டும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 12 சதுர மீட்டர். 12-ஐ 150-ஆல் பெருக்க, 1,800 லூமன் வருகின்றது. ஆனால் ஒளியில் ஒரு பங்கு சுவரில் ஒடுங்கும்; தூசியாலும் குறையும். நூற்றுக்கு அறுபது பங்கே பயன்படும் என்று கொண்டால் 3,000 லூமன் தேவை. 8 வாட் விளக்கு ஒன்று ஏறக்குறைய 750 லூமன் தருமாயின், நான்கு விளக்குகள் போதும்.

அந்நான்கையும் எங்கே வைப்பது? விளக்குக்கும் விளக்குக்கும் இடையேயுள்ள தூரத்தில் பாதியைச் சுவருக்கு விடுவது எளிய விதி. நீளவாட்டில் விளக்குகளிடையே 2 மீட்டர், சுவரிலிருந்து 1 மீட்டர். அகலவாட்டில் விளக்குகளிடையே ஒன்றரை மீட்டர், சுவரிலிருந்து முக்கால் மீட்டர். இவ்வாறு அமைத்தால் ஒளி ஏறத்தாழச் சமமாகப் பரவும். மின்விசிறியின் இறக்கைகளுக்கு மேலே விளக்கு அமையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அமைந்தால் அறை முழுவதும் நிழல் ஆடிக் கண்ணை வருத்தும்.

பதிவிளக்கின் ஒளி கீழ்நோக்கியே பாய்வது. ஆதலால் அதன் அடியில் குனிந்து படிப்பவர்க்குத் தம் நிழலே பகையாகும். இங்கே பள்ளியில் கற்ற பௌதிக விதியொன்று கைகொடுக்கின்றது. ஒளிமூலத்தின் தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். மேசைக்கு 2 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் பதினாறு மடங்கு! எனவே, கூரையில் மேலும் இரண்டு விளக்குகளைப் பதிப்பதைவிட, எழுதும் கைக்கு எதிர்ப்புறத்தில் ஒரு சிறு மேசை விளக்கை வைப்பதே அறிவுடைமை.

ஒளியின் நிறத்தையும் கருத வேண்டும். இது கெல்வின் அளவால் குறிக்கப்படும். 3,000 கெல்வின் இளமஞ்சள். 4,000 நடுநிலை வெண்மை. 6,500 நீலம் கலந்த வெண்மை. படுக்கையறைக்கு முதலாவதும், சமையலறைக்கு இரண்டாவதும் பொருந்தும். பொருள்களின் நிறத்தை உள்ளபடி காட்டும் தன்மைக்கும் ஓர் எண் உண்டு. அது பெட்டியின்மீது 80-க்குக் குறையாமல் இருத்தல் நன்று.

எல்.இ.டி. சூடாவதில்லை என்பது தவறான எண்ணம். அதன் ஒளிக்கற்றையில் வெப்பம் குறைவேயொழிய, டையோடு சூடேறவே செய்கின்றது. அச்சூட்டைக் கடத்திவிடவே பின்புறத்தில் உலோகத் தகடு அமைந்துள்ளது. 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கித் தரும் டிரைவர் என்னும் சிறு பெட்டியும் வெப்பத்தால் விரைவில் பழுதாகும். ஆகவே விளக்கின்மேல் காற்று உலவ இடம் வேண்டும்.

நம் வீடுகளின் மேற்கூரை கான்கிரீட்டால் ஆனது. அதில் விளக்குப் பதிக்க விரும்புவோர், கான்கிரீட் போடுவதற்கு முன்பே பெட்டிகளையும் குழாய்களையும் கம்பிக் கட்டோடு அமைத்துவிடல் வேண்டும். பின்னர் உளியால் வெட்டுதல் பெருந்தீங்கு. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி வெளிப்பட்டுத் துருவேறிக் கூரையே வலுவிழக்கும். கட்டி முடிந்த வீட்டில், ஜிப்சம் பலகைகளாலான பொய்க்கூரையிலேயே விளக்கைப் பதிக்கலாம். அதிலும், மழைக்காலத்தில் மேல்தளம் கசிகின்றதா என்று முன்னரே பார்த்துக்கொள்க. பொய்க்கூரை கசிவை மறைக்குமேயன்றித் தடுக்காது.

இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறுதல் ஆபத்து. சுவிட்சு தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், விளக்கு அணைந்த பின்னும் அதில் மின்னழுத்தம் இருந்துகொண்டேயிருக்கும். எனவே மெயின் சுவிட்சை அணைத்து, மின்னழுத்தம் இல்லையெனச் சோதித்த பின்னரே கை வைத்தல் முறை. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். அது உயிரைக் காப்பது.

நான்கு 60 வாட் குண்டு பல்புகள் நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு 438 யூனிட் செலவாகும். அதே அளவு ஒளியை நான்கு 8 வாட் எல்.இ.டி. விளக்குகள் 59 யூனிட்டுக்கும் குறைவாகத் தந்துவிடும். நான்கு போதுமான இடத்தில் பன்னிரண்டைப் பதித்தால், விஞ்ஞானம் ஈட்டித் தந்த சிக்கனத்தில் ஒரு பங்கை நாமே இழந்துவிடுவோம். கடைக்குச் செல்வதற்கு முன் ஒரு தாளில் அறையை வரைந்து, கணக்கிட்டுப் பாருங்கள். எத்தனை விளக்குகள் வேண்டும் என்பதை அத்தாளே கூறிவிடும்.